ஒற்றை ஆள் கட்டணம்

ஒன்பது ஐம்பது பஸ்சுக்கு
ஆறு மணிக்குச் சொன்னாள்.
குரல்செய்தி, பதினொரு செக்கன்.
"பவளா, நான் வரல்லகா. கோவிக்காத."
அது மூன்று செக்கன்.
மிச்சம் எட்டும்
அவள் வீட்டு மின்விசிறி.

இருபது மாதச் சீட்டு.
அக்கரைப்பற்று வலயக் கந்தோரில்
ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருந்து
சம்பளம் விழுந்த அன்றே எடுத்து
உறையில் போட்டு ஒட்டிக் கட்டிய காசு.
எங்களுக்குத் தெரிந்த துறைமுகம்
கப்பல் வருமென்று கட்டி
மணல் வந்து சேர்ந்த ஒலுவில்.
ஆனாலும் பால்கனி வைத்த அறை கேட்டோம்.
அதற்குக் காசு காணவில்லை.
வட்டக் கண்ணாடி யன்னல் ஒன்று கிடைத்தது.
காலையில் நீ பார், பின்னேரம் நான் என்று
முறையும் போட்டாயிற்று.

ஏஜென்சிப் பொடியனுக்கு அடித்தேன்.
தினுஷன். நல்ல பிள்ளை.
எல்லாக் கெட்ட செய்தியையும்
அன்ரி என்றுதான் தொடங்குவான்.
அன்ரி, இனி ஆள் மாத்தேலாது.
அன்ரி, அவங்கட காசு திரும்பாது.
ஆனா ஒண்டு அன்ரி,
அறைக்கு ஒராள் எண்டா
ஒற்றை ஆள் கட்டணம் எண்டு ஒண்டு இருக்கு,
அதுக்கு இது சரியாப் போயிடும்.

தனியாகப் போவதற்கும் ஒரு விலையா
என்று கேட்க வாயெடுத்து
எனக்கே சிரிப்பு வந்தது.
நாற்பத்தொன்பது வருசமாகத்
தவணை தவணையாய்க் கட்டுகிறேன் தம்பி,
பற்றுச்சீட்டுத்தான் ஒருவரும் தரவில்லை.
இந்த முறை
மஸாஹிறா கட்டியிருக்கிறாள்.

பிறகுதான் நினைவு வந்தது,
என் கடவுச்சீட்டு அவளிடம்.
அவள் பத்திரப்படுத்துகிறவள்,
நான் தொலைக்கிறவள்.

சூட்கேசை ஓட்டோவில் ஏற்றித்
தம்பிலுவிலால் வெளிக்கிட்டேன்.
இரண்டு பக்கமும் வயல்,
லைற்றைப் போட்டுக்கொண்டு
இரவிரவாய் அறுக்கிற மெஷின்கள்.
வழிநெடுக ஏச்சு அடுக்கினேன்.
ஓட்டோக்காரர் இரண்டு தரம்
கண்ணாடியில் பார்த்தார்.

கேற்றடியில் நின்றாள்.
உள்ளே வா என்று சொல்லவில்லை.
முகம் கழுவியிருந்தாள், முக்காட்டு ஓரம் ஈரம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அவள் பொய் சொல்லவேண்டி வரும்.
மஸாஹிறாவுக்குப் பொய் சரிவராது,
மூக்கு நுனி சிவந்துவிடும்.

பையைத் தந்தாள்.
கடவுச்சீட்டு. ரிக்கெட். உறையில் டொலர்.
கடல் குமட்டலுக்குக் குளிசை,
அட்டையை வெட்டி, மூன்று.
மூன்று இரவு, ஒராள், மூன்று குளிசை.
பின்பக்கம் அவளுடைய பேரேட்டு எழுத்து:
பவளா, இரவு ஒன்று.
வழக்கம்போல் திகதியும் போட்டிருந்தாள்.
திங்கட்கிழமைத் திகதி.

இன்று வெள்ளி.
செவ்வாய், புதன், வியாழன்
சோற்றுப் பார்சலை விரித்து எதிரெதிரே இருந்து
கப்பலில் மீனுக்குப் புளி விடுவார்களா என்று
கதைத்தோமே, அதெல்லாம்?

"யன்னல் முழுக்க இனி உனக்குத்தான்" என்றாள்.
அடுக்கி வந்த ஏச்சில்
ஒன்றுகூட வாயில் வரவில்லை.
"அந்தத் தொப்பியத் தா" என்றேன்.
கப்பலுக்கென்று கல்முனையில் வாங்கியது,
அகலக் கரை, நீல நாடா.
என்னிடமும் அதே தொப்பி இருக்கிறது.
அது அவளுக்கும் தெரியும்.
உள்ளே போய் எடுத்து வந்தாள்,
விலைச்சீட்டு வெட்டாமல்.

பஸ்சில் கொண்டக்டர் கேட்டார்,
பக்கத்து சீற்றுக்கு ஆள் வருமா?
காசு கட்டியிருக்கு என்றேன்.
அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்,
ஒன்றும் சொல்லாமல் முன்னுக்குப் போனார்.
அந்தச் சீற்றில் தொப்பியை வைத்தேன்.

அம்பாறையில் ஒரு பெண் ஏறினாள்.
கையில் தூங்குகிற பிள்ளை,
தோளில் இரண்டு பை.
சிங்களத்தில் ஏதோ கேட்டாள்,
கண்ணால் கேட்டது அதைவிட விளங்கியது.

தொப்பியை எடுத்து மடியில் வைத்தேன்.
பிள்ளையின் கால்
என் முழங்காலில் வந்து கிடந்தது.
மகா ஓயா தாண்டியும்
விலைச்சீட்டின் மூலை
உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.
பிய்க்கலாம்.
பிய்க்கவில்லை.