லாஸ்ட் பிரைஸ்

இரவு ஒன்றே முக்காலுக்கு ஒருத்தன் கேட்கிறான்:
"அண்ணா, லாஸ்ட் பிரைஸ்?"
நான் அண்ணன் இல்லை.
ஆம்பூர் ரெட்டித்தோப்பு மாடி அறையில்
நூற்றுப் பத்து ஷூ டப்பாக்களோடு படுத்திருக்கிற
ஜெசிந்தா.
பதினோரு வருஷம் கம்பெனியில்
லாஸ்ட் என்றால் எனக்குக் கால்வடிவக் கட்டை.
அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து
காலே இல்லாத இடத்தில் ஒரு காலை நிறுத்துவோம்.
இவர்கள் கேட்கிற லாஸ்ட்டுக்கு
அடியும் இல்லை, நுனியும் இல்லை.
எண்ணூறு என்றால் அறுநூறு.
அறுநூறு என்றால்
"வாணியம்பாடியில ஐந்நூறுக்குத் தர்றாங்க."
அங்கேயே வாங்கிக்கொள்ளேன் என்று தட்டி,
அழித்து,
"வணக்கம் சார்" அனுப்புகிறேன்.

ஒருத்தர் ராணுவமாம்.
படத்தில் மீசை, மீசைக்குப் பின்னால் பனிமலை.
பத்து ஜோடி வேண்டும், பேரமே இல்லை,
இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணினால் காசு வரும் மேடம்.
காசு கொடுக்கிறவர் நீங்கள்,
பின் நம்பர் நான் ஏன் போடணும் என்று கேட்டேன்.
மலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொருத்தனுக்கு நேரில்தான் பார்க்கணும்.
காட்பாடி, முதல் பிளாட்பாரம், படிக்கட்டுக்குக் கீழே.
மே மாதம். தண்டவாளம் கண்ணைக் குத்தியது.
"தோ வந்துகினே கீறேன்க்கா."
திருப்பதிப் பக்கம் இரண்டு வண்டி போனது,
ஜோலார்பேட்டைக்கு ஒன்று.
நாலாவது தடவை கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது.
பிளாட்பார டிக்கெட்டும் மோரும்
எந்தக் கணக்கில் எழுதுவது?
"காற்று" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு டப்பா திரும்பி வந்தது.
எட்டாம் நம்பர், பழுப்பு. தணிகைமலை, சோளிங்கர்.
"சைஸ் சரியில்லை. முழுப் பணமும் வேணும்."
கம்பெனியில் நான் செக்கிங் டேபிள்.
ஷூ பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.
அடியைத் திருப்பினேன்.
தையல் பள்ளத்தில் ஒரு மஞ்சள் அரிசி.

அட்சதை.

முகூர்த்தத்துக்குப் போட்டு, மேடையேறி, போட்டோவில் நின்று,
துடைத்து, நான் ஒட்டிய டேப்பையே திரும்ப ஒட்டி
அனுப்பியிருக்கிறார் மனுஷன்.
பதிலை நீளமாகத் தட்டினேன்.
ஸ்கேல் வைத்து அரிசியைப் படமெடுத்தேன்.
மரியாதையாக நாலு வரி,
வட ஆற்காட்டுத் தமிழில் ஒரு வரி.
சாட்சிக்கு இன்னொரு படம் இருக்கட்டும் என்று
உள்ளே கைவிட்டேன்.

இடது ஷூவின் நுனியில் பேப்பர்.
மடித்து மடித்துத் திணித்து
விரல் அழுத்திக் கட்டியாகிப்போன பேப்பர்.
வலதில் இல்லை.
வலதில் நடந்த மடிப்பு விழுந்திருந்தது.
இடதில் மடிப்பில்லை, நுனி மட்டும் வெளுத்து,
ஒரு கால் தரையை இழுத்துக்கொண்டு போன மாதிரி.

சைஸ் சரியில்லைதான்.

அதற்காக அரிசி இல்லையென்று ஆகிவிடாது.
இரண்டும் ஒரே டப்பாவில் வந்தவை.
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு இருக்கிறது,
ஏற்றுமதியில் கழித்த, ஜோடி தப்பிய ஒற்றைகள்.
எடைக்கு வாங்கியது. யாரும் கேட்டதில்லை.
தரையில் கவிழ்த்து
இடது ஏழு, அதே பழுப்பு, அதே கட்டை தேடினேன்.
கிடைக்கும்போது மணி பதினொன்றரை.
குதிகாலில் ஒரு தையல் விட்டிருந்தது, போட்டேன்.
வலது எட்டு, இடது ஏழு.
தட்டி வைத்ததை அழித்துவிட்டு
"மாற்று அனுப்புகிறேன். பணம் திரும்பாது"
என்று மட்டும் அனுப்பினேன்.
அரிசியை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
காலையில் இல்லை.

பத்தாம் நாள் மதிப்பீடு வந்தது.
மூன்று நட்சத்திரம்.
"டப்பா நசுங்கியிருந்தது."

டப்பாவுக்கு ஒன்று, சரி.
இன்னொரு நட்சத்திரத்தை எதற்குப் பிடித்தார்
என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.