தளும்பாமல்

மூன்றாம் மாதம்தான் தெரிந்தது
மூச்சு வாங்குவது குற்றமல்ல என்று.
அதுவரை, மண்டபம் ஐஸ் கம்பெனி வாசலில்
லாரிக்காரர்கள் நின்றால்
ஓடாதவள் போல நடந்து கடப்பேன்,
நெஞ்சுக்குள் ஒரு விசைப்படகு
கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருக்க.

பதினாறு வருடம் கணக்கு மேசை.
எந்தப் படகு, எத்தனை பார், பாக்கி எவ்வளவு.
சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது ஜெனோவா
என்றாள் ரிஸ்வானா, ஆஸ்பத்திரி நர்ஸ்.
சொன்னவளே மறுநாள் ஐந்து மணிக்கு
என் வாசலில் நின்றாள்,
சுடிதாருக்குக் கீழே பச்சை ஷூ.

இந்த மாவட்டத்தில் ஏற்றம் என்றால்
பாம்பன் பாலம் ஒன்றுதான்.
மற்றதெல்லாம் தோசைக்கல்.
ஆனி மாதம். கச்சான் காற்று
முதுகில் கை வைத்துத் தள்ள
பாலத்தின் கூனலில் ஏறினோம்.
கீழே வத்தைகள் புளியங்கொட்டை அளவு.
நான் பிறவி ஓட்டக்காரிடி என்று கத்தினேன்.
பிறகு திரும்பினோம்.
சொன்ன சொல்லை எடுத்து
வாய்க்குள்ளேயே திணித்தது காற்று.
போன வேகத்தில் என்னுடையது எவ்வளவு,
கச்சானுடையது எவ்வளவு?
கணக்கெழுதுகிறவள்
முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆடியில் முதல் பந்தயம், பத்து கிலோமீட்டர்.
முந்தின இரவு பயத்தில் ஒன்பது இடியாப்பம்.
புது ஷூவைப் பட்டுப்புடவை போலப்
பெட்டியிலேயே பொத்தி வைத்திருந்து
அன்றைக்குத்தான் போட்டேன்.
குதிகாலில் இரண்டு கொப்புளம்,
மிளகாய்ப்பழ நிறத்தில்.
விசில் ஊதியதும் உச்சிப்புளிப் பையன்கள் பாய,
எனக்கென்ன வந்ததோ, நானும் பாய்ந்தேன்.
பாலத்தின் நடுவில்
வெயிலில் போட்ட சாளையாகிவிட்டேன்.

பாம்பனில் திரும்பி, பாலம் ஏறுமுன்
தண்ணீர் மேசை.
முன்னால் போனவன் ஒரு வாய் குடித்தான்,
மீதியைத் தலையில் கவிழ்த்தான்,
பேப்பர் கப்பை ரோட்டில் வீசினான்.
அடுத்தவனும்.
அதற்கடுத்த பெண்ணும்.
எங்கள் தெருவில் குடம் பன்னிரண்டு ரூபாய்.
தண்ணீர் வண்டி வந்தால்
புருஷன் பெண்டாட்டி சண்டைகூடப் பாதியில் நிற்கும்.
நான் நின்றேன்.
முழுக் கப்பும் குடித்தேன்.
யாரோ வைத்துவிட்டுப் போன பாதியையும்.
ஓடுங்க மேடம், நிக்காதீங்க என்றான்
விசில் பையன்.
ஓடினேன். வயிற்றில் நான்கு கடலும் மோதின.

எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்,
அதற்குப் பின்னால் ராமேஸ்வரத்து பஸ்.
டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.
அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
ஒரு மணி முப்பத்தொன்று.

பேச முடிகிற வேகம்தான் ஓட முடிகிற வேகம்,
இது ரிஸ்வானாவின் சட்டம்.
ஆகவே பேசினோம்.
அவளுக்கு வராத டிரான்ஸ்பர்,
என் அண்ணன் திருப்பித் தராத நகை,
செக்போஸ்ட் நாய்.
(நாய் வந்தால் நிற்க வேண்டும்.
ஓட்டம் பற்றி நான் கற்றதில்
இந்த ஒன்றுதான் ஓடாதே என்பது.)
ஈர மணல் தாங்கும், காய்ந்த மணல் விழுங்கும்.
ஷூவுக்குள் கருவேல முள் ஏறினால்
அடுத்த தூண் வரை பொறுக்கலாம் என்பது பொய்.

தையில் இரண்டாவது பந்தயம்.
வாடை, பக்கவாட்டில்.
மேசையில நிக்காத, நாலு நிமிஷம் போகுது,
முந்தின நாள் மூன்று தடவை சொன்னாள்.
நிற்கவில்லை.
எறியவும் கை வரவில்லை.
ததும்பும் கப்பைப் பிடித்தபடியே
பாலத்தில் ஏறினேன்.

அப்போதுதான் கவனித்தேன்:
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
பத்து வயதிலிருந்து குடம் ஏற்றிய இடுப்பு
தோளைக் கேட்காமல், என்னையும் கேட்காமல்
தன் பாட்டுக்கு அடியெடுத்து வைத்தது.
காற்று தள்ளியது.
தளும்பி, விளிம்பைத் தொட்டு,
தண்ணீர் உள்ளேயே திரும்பியது.
கூனலின் உச்சியில் ஒரு வாய்.
இறக்கத்தில் ஒரு வாய்.

ஒரு மணி பதினேழு.
முடிகிற இடத்துப் புகைப்படத்தில்
எல்லோரும் கையை உயர்த்தியிருக்கிறார்கள்.
நான் நசுங்கிய கப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.