ஏழாம் கட்டம்

இயந்திரம்: அசல் / மாற்றப்பட்டது.
ஒன்றை அடித்துவிடச் சொல்கிறது படிவம்.

காக்கி புக்கிட்டில் மூன்றாம் மாடிப் பட்டறை.
தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவினார் டியோ.
ஸ்டூடபேக்கர் குரூஸர், அறுபத்தைந்தாம் ஆண்டு,
துணி சோப்பின் பச்சை.
குரோமியப் பட்டையில் எங்கள் மூவர் முகமும்
பலாக்கொட்டைபோல் நீண்டு வளைந்தன.

பானெட்டைத் தூக்கியதும் டியோ உச்சுக்கொட்டினார்.
"இது செவர்லே என்ஜின் லா.
யாரோ எப்பவோ மாத்திட்டாங்க."
வாங்க வந்த இளைஞன் அப்போதே சொல்லிவிட்டான்:
பாதி விலை.
விற்க வந்த திருமதி ஒலிவெய்ரோ
மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.
கைப்பைக்குள் எதையோ தேடினார்,
எடுக்காமலே மூடினார்.

நான் மதிப்பீட்டாளர்.
பத்தாண்டு அனுமதி முடிந்து
துறைமுகத்துக்குப் போகிற வண்டிகளுக்கு
பகலெல்லாம் விலை எழுதுகிறவள்.
அந்தக் கார்களுக்கு வரலாறு கிடையாது,
கிலோமீட்டர் மட்டும்தான்.
அதனால்தானோ என்னவோ
அன்று மாலை வீட்டுக்குப் போகாமல்
விக்டோரியா தெரு நூலகத்தில் இறங்கினேன்.

பல் கிட்டும் குளிரில் மூன்று மாலைகள்.
அமெரிக்காவின் சவுத் பெண்ட்.
அறுபத்துமூன்று டிசம்பரில், பண்டிகைக்கு முன்,
வரிசையில் வந்த கடைசி காரோடு கதவு சாத்தினார்கள்.
பிறகு வார்ப்புலையும் அணைந்தது.
கம்பெனி கனடாவுக்குக் குடிபெயர்ந்தது.
ஹாமில்டனில் கூடு கட்ட ஆளிருந்தது,
சொந்தமாக மூட்ட அடுப்பில்லை.
பக்கத்து ஊரில் செவர்லேக்கு வார்க்கும் ஆலையிடம் போய்
போட்டிக்காரன் அடுப்பிலிருந்தே
கங்கு வாங்கி வந்தார்கள்.

அறுபத்தைந்தில் தேர்வு இரண்டே:
ஆறு சிலிண்டர், நூற்றுத் தொண்ணூற்று நான்கு கன அங்குலம்;
எட்டு சிலிண்டர், இருநூற்று எண்பத்து மூன்று.
இரண்டும் இரவல்.
அந்த ஆண்டு செய்த கார்கள் மொத்தம்
இருபதாயிரத்தைத் தொடவில்லை.
(அதே ஆண்டு இந்தத் தீவும்
பிரிந்து தனியே நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.)

சனிக்கிழமை மறுபடி போனேன்.
கைபேசி வெளிச்சத்தில், கரி பூசிய கன்னத்தோடு,
ஸ்பார்க் பிளக்கை எண்ணினேன். எட்டு.
பொறித்த எண்ணில் பாதியைத் துரு தின்றிருந்தது.
கடைசி இலக்கம் எட்டா, மூன்றா?
டியோ எட்டு என்றார்.
எனக்கு இரண்டாகவும் தெரிந்தது.
ஆக, சத்தியம் செய்ய முடியாது.
ஆனாலும்
வேறு என்ஜின் இதில் என்றுமே இருந்ததில்லை என்பது
இருந்தது என்பதைவிட நம்பும்படி இருக்கிறது.

திருமதி ஒலிவெய்ரோவிடம் சொன்னேன்.
மூன்றாம் முறை சொன்னபோதுதான்
என் பக்கம் திரும்பினார்.

"எழுபத்தெட்டில் ஒரு மெக்கானிக்
டியோ சொன்னதையே சொன்னான்.
அந்த வருஷம் புக்கிட் தீமாவில்
குதிரை மேல் குதிரையாகத் தோற்றார் பெர்னார்ட்.
என்ஜினை விற்றுத்தான் கடனை அடைத்தார் என்று
நானே முடிவு கட்டிக்கொண்டேன்.
இல்லை என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.
நான் கேட்கவில்லை.
பிறகு அவரும் சொல்லவில்லை."

மேல் மாடியில் யாரோ
கம்ப்ரஸரை நிறுத்தினார்கள்.
அவ்வளவு நேரம் அது ஓடியதே
அப்போதுதான் தெரிந்தது.

அசல் என்பதை விட்டு
மற்றதை அடித்தேன்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
தொழிற்சாலையே இரவல் வாங்கிப் பொருத்தியது.
இளைஞன் அதை இருமுறை படித்துவிட்டு
முழு விலைக்கும் சம்மதித்தான்.

அவர் அவனைப் பார்க்கவே இல்லை.
இரண்டு உள்ளங்கையாலும் பானெட்டை
அழுத்தி மூடினார்.
பழங்கார்களுக்கு ஆண்டில் நாற்பத்தைந்து நாள்தானே சாலை,
இந்த வருஷம் எத்தனை பாக்கி என்று
டியோவிடம் கேட்டார்.

"பதினொன்று."

சாவி, என்று கை நீட்டினார்.