கல்லாப் பலகை

கிளிஷிக்குப் போகிற தெருவில் எங்கள் வண்ணக்கடை.
கடன் எழுதுவது என் வேலை.
படம் பார்ப்பது இல்லை.

அப்பா காலத்தில் வண்ணம்
பன்றியின் மூத்திரப்பையில் வரும்.
ஆணியால் குத்திப் பிதுக்குவார்கள்.
மிச்சம் இரண்டு நாளில் காய்ந்து கல்லாகும்.
பிறகு தகரக்குழாய் வந்தது, திருகுமூடியோடு.
அவ்வளவுதான்,
அறைக்குள் உட்கார்ந்து அரசர்களை வரைந்தவர்கள்
ரயிலேறி ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

எவாரிஸ்த் திரும்பி வருவான், காலெல்லாம் சேறு.
படத்தின் ஈரத்தில்
ஒரு கொசு ஒட்டிச் செத்திருக்கும்.
கறுப்பு வேண்டாம் என்றான் ஒருநாள்.
அப்புறம் நிழலுக்கு?
நிழல் நீலம், மதமுவசேல்.
கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.
பனிமேல் குதிரைவண்டியின் நிழல்.
சனியன், நீலம்தான்.
அந்த வருடம் எலும்புக்கரி பதினோரு டப்பா தேங்கிவிட்டது.
அப்பா சாகும்வரை அவனை மன்னிக்கவில்லை.

யாரும் மூடியை நம்புவதில்லை.
ஒவ்வொரு குழாயையும் திறந்து
கத்திமுனையில் ஒரு துளி எடுத்துக் காட்ட வேண்டும்.
காட்டிய துளியைக்
கல்லாப் பலகையின் ஓரத்தில் வழித்துவிடுவேன்.
நாற்பது வருடம் வழித்தேன்.

பிறகு வந்தவர்களுக்குக் கலக்கக்கூடப் பொறுமையில்லை.
தெயோதூல் குழாயை நேராகத் துணியில் பிதுக்கினான்,
மாமனாரின் தாடியைப் பச்சையாக்கினான்.
கிழவர் தடியோடு வந்து
என்னிடம் சண்டை போட்டார்.
பச்சையை விற்றவள் நான்தானே.

கெரோனாவிலிருந்து வந்த பௌதிலியோவுக்கோ
காவி, சாம்பல், கறுப்பு.
மறுபடியும் கறுப்பு!
அப்பாவின் பதினோரு டப்பாவும்
ஒரே குளிர்காலத்தில் தீர்ந்தன.
வினிகர் ஜாடியை முன்னும் பின்னும்
ஒரே சமயத்தில் பார்க்கப் போகிறேன் என்றான்.
கடன் நோட்டையும் கொஞ்சம் பாரப்பா என்றேன்.
அடுத்த மாதம் பசை மட்டும் வாங்கினான்.
நான் அனுப்பிய ரசீதையே கிழித்து
ஜாடியின் வயிற்றில் ஒட்டிவிட்டான்.
நாற்பத்திரண்டு பிராங்க் பாக்கி என்று
என் கையெழுத்து
பெர்லினில் யாரோ ஒரு பல்மருத்துவர் வீட்டில் தொங்குகிறதாம்.
நல்ல விலைக்குப் போனதாம்.
பாக்கி இன்னும் பாக்கி.

போரில் ராணுவம் வாங்கியது.
பச்சை, காவி, பீப்பாய் பீப்பாயாய்.
முழு ரொக்கம்.
பீரங்கிமேல் கோணல் கட்டங்கள் தீட்டும் படையில்
தெயோதூலைச் சேர்த்திருந்தார்கள்.
இதுவரை எல்லோரும் பார்க்க வரைந்தேன்,
இப்போது யார் கண்ணிலும் படாமலிருக்க வரைகிறேன்
என்று எழுதியிருந்தான்.
யார் கண்ணிலோ பட்டுவிட்டான்.
அவன் கணக்கின்கீழ் இரட்டைக் கோடு போட்டேன்,
சிவப்பு மையில்.
அவன் ஒத்துக்கொள்கிற சிவப்பு இல்லை அது.

ரயீசா வந்தது அதற்கப்புறம்.
ஒடெசாக்காரி, ஆணின் கோட்டு.
வெள்ளை கேட்டாள், இன்னொரு வெள்ளை கேட்டாள்.
ஈயத்தையும் துத்தநாகத்தையும் அடுத்தடுத்து வழித்துக் காட்டினேன்.
ஒன்று பால். ஒன்று பல்.
அவள் இரண்டையும் பார்க்கவில்லை.
இது யார் வரைந்தது? என்றாள்.

யாருமில்லை. கத்தி துடைத்த இடம்.

குனிந்து முகர்ந்தாள்.
சில்லறை விழுந்து விழுந்து பெயர்ந்த குழியில்
பச்சைக்கும் காவிக்கும் அடியில்
நகம் அளவு நீலம் தெரிந்தது.
எவாரிஸ்தின் நிழல்.
நானே அன்றுதான் கவனித்தேன்.

விலை சொன்னாள். பெரிய தொகை.
எந்தப் பக்கம் மேலே? என்றும் கேட்டாள்.
கடன் கேட்பவர் நிற்கிற பக்கம் கீழே என்றேன்.
சிரிக்காமல் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

தச்சன் வந்து நான்கு ஆணி கழற்றினான்.
வரவில் எழுதினேன்:
பழைய பலகை, ஒன்று.

மறுநாள் புதுப் பலகை. வெறும் மரம்.
முதலில் வந்தவர் மஞ்சள் கேட்டார்.
ஒரு துளி எடுத்துக் காட்டினேன், போய்விட்டார்.

கத்தியில் மஞ்சள் இருக்கிறது.
எங்கே துடைப்பதென்று
கை யோசிக்கிறது.