ஏழாவது லேன்

படிவத்தில் முதல் கேள்வி:
முன்பு பிராணி வளர்த்ததுண்டா?
பேன் என்று எழுதலாமா என்றேன்.
ஷமீனா சிரிக்கவில்லை.
ஓசூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த அலுப்பு.
காலிடுக்கில் ராயக்கோட்டைத் தக்காளிப் பெட்டி,
அதற்குள் நான்கு மூச்சு.

இழுத்து மூடிய கடையின் பின்கட்டில்
மீன்தொட்டிகளுக்கு அடியில் கிடந்தனவாம்,
பதினொன்று.
மீதி ஏழை அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

தமிழில் இதற்குச் சீமைப் பெருச்சாளி என்று பேர்.
வந்து சேர்ந்தது லண்டன்பேட்டைக்கு,
சரியாகத்தான் வந்திருக்கிறது.
வீட்டுக்காரர் முனிரத்தினம்
மாடிப்படியில் நின்று, எலியா என்றார்.
இல்லீங்க, கொஞ்ச நாளைக்குத்தான்.
எலி எல்லாம் அப்படிச் சொல்லிக்கிட்டுத்தாம்மா வரும்.

பேர் வைக்காதே, அனுப்ப முடியாது
என்று சொல்லியிருந்தாள்.
வைக்கவில்லை.
சாவடிக் கட்டணப் பலகையில் உள்ள வரிசைதான்:
கார், வேன், பஸ்,
எல்லாவற்றிலும் குண்டானது மல்டி ஆக்ஸில்.

மூன்று நாள் நான் பார்த்ததெல்லாம்
அட்டைப்பெட்டி ஓட்டையில் ஒரு மூக்கு.
நான்காம் நாள்
கொத்தமல்லிக் கவர் சரசரத்ததும்
குவீ குவீ என்று
வீடே கிழிந்தது.

ஏழாவது லேனில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
மெஷின் படிக்காத வண்டிகள் மட்டும்
என்னிடம் நிற்கும்.
அரை நிமிடம் ஒரு முகம், ஒரு கை,
கண்ணாடி ஏறிவிடும்.
விடிந்து வந்து கதவைத் திறந்தால்
நாலும் கண்ணை மூடாமல் தூங்கிக்கொண்டிருக்கும்.
எனக்கும் அந்த வித்தை தெரியும்.

பாகலூர் பாலிஹவுஸில் கோணலாய்க் காய்த்துக்
கழிந்த குடைமிளகாய்
வாரம் ஒரு பை பஸ்ஸில் வரும்.
வைட்டமின் சி-யை உடம்புக்குள் செய்துகொள்ள
இவற்றுக்குத் தெரியாதாம்.
மனுசருக்கும் தெரியாதாம்.
பாதியை அவை தின்னும்,
பாதியை நான் பொரியல் செய்வேன்.

பஸ்ஸுக்குச் சளி பிடித்த அன்று
கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால்
ஒரு சினை மாடு.
நானூறு கிலோவுக்கு டோஸ் கேட்டால்
தூக்கத்திலும் சொல்வேன், நானூறு கிராமுக்கா
என்றார் டாக்டர்.
யாருக்கோ போன் போட்டார்.
சிரிஞ்சில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.
நாலும் பெட்டை என்றிருந்தது படிவத்தில்.
பஸ்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு
இதை எழுதினவரை நான் பார்க்கணும் என்றார்.

மல்டி ஆக்ஸில் குண்டானது
மிளகாயால் அல்ல.

மூன்று பிறந்தன.
முடியோடு, பல்லோடு, திறந்த கண்ணோடு
இரண்டு எழுந்து ஓடின, பாக்கி வாங்க வந்த மாதிரி.
ஒன்று ஓடவில்லை.
அதை எந்தத் துணியில் வைப்பது என்று
பீரோ முழுக்கத் தேடினேன்.
முனிரத்தினம் கடப்பாறையோடு கீழே நின்றார்.
ஆழமாத் தோண்டணும்மா, நாய் இருக்கு.
வேறெதுவும் பேசவில்லை.
வாடகையைப் பற்றிக்கூட.

காரையும் வேனையும் கேட்டு
ஓசூரிலிருந்து தம்பதி வந்தார்கள்.
எடை எழுதிய நோட்டைக் கொடுத்தேன்.
அவர்களுக்குப் புரியாத இடத்தில் விளக்கினேன்,
புரிந்த இடத்திலும்.
கையெழுத்து போட்டுக் கிளம்பினார்கள்.
எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஒன்பதரை இருக்கும்.
ஃபாஸ்டேக்கில் பணமில்லாமல்
ஒரு வெள்ளை வண்டி என் லேனில் நின்றது.
மாஸ்க்கும் தொப்பியுமாக நான்.
எங்கோ சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்,
குருமா வாசம்.
அந்த அம்மா சில்லறை தேடினாள்,
என்னை அவளுக்குத் தெரியவில்லை.

ரசீதைக் கிழித்தேன்.
சர்ரென்று அந்தக் காகிதச் சத்தம்.
பின்சீட்டின் இருட்டிலிருந்து
குவீ குவீ.

அய்யோ, பசிக்குது போல என்று
அவர் திரும்பிப் பார்த்தார்.
பசி இல்லைங்க, என்று
வாய்வரை வந்தது.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
பொத்தானில் விரல் இருந்தது.
இன்னொரு முறை அடித்தான்.