பத்துக்கும் மூன்றுக்கும் நடுவே

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும்,
மூன்று மணிக்கு இன்னொன்று வரும்.
நடுவே ஐந்து மணி நேரம்
பதினொன்றாம் எண் கேரவன் என்னுடையது.
நான், ஒரு வாளி, கொஞ்சம் வினிகர்,
கண்ணாடி துடைக்க முந்தாநாள் செய்தித்தாள்.

ஹல் நகரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில்
கேக் விற்று, பழந்துணி விற்று,
யாருக்கும் வேண்டாத பரிசுகளுக்குக் குலுக்கல் சீட்டு விற்று
ஒன்பது வருடம் சேர்த்து வாங்கியது.
சங்கத்தின் சொத்து இது ஒன்றுதான்.
அதையும் கடல் கேட்கிறது.
களிமண் கரை; வருடத்துக்கு இரண்டு கஜம் போகிறது.
வாங்கும்போது மூன்றாம் வரிசை,
இப்போது முதல் வரிசை.
"காசில்லாமல் கடற்கரை வீடு" என்பார்
பொருளாளர் க்ளிஃபர்ட், சிரிக்காமல்.
மார்ச்சில் டிராக்டர் கட்டிப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.
அதற்கும் கேக் விற்க வேண்டும்.

வந்தவர்களை நான் பார்ப்பதில்லை.
விட்டுப்போனதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.
ஒற்றைக் காலுறை. பாதி ஜாம்.
குளியலறையில் வாளி நிறைய நத்தை ஓடு.
ஒருவர் துண்டுகளை எல்லாம் துவைத்து
இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார்;
இஸ்திரிப் பெட்டி இங்கே கிடையாது.
ஒருவர் கரண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
க்ளிஃபர்ட் புதுசு வாங்கி வைத்தார்,
கணக்கில் 'கரண்டி' என்று மட்டும் எழுதினார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு:
கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள்?
சிலர் வருடம் எழுதுவார்கள், சிலர் கோடு போடுவார்கள்.
க்ளெனிஸ் அவுத்வெய்ட் எழுதியிருந்தார்:
'கேள்வி புரியவில்லை.'

அவர் மகனுக்கு இருபத்திரண்டு வயது.
தானாகப் புரண்டு படுக்க முடியாதவன்.
நாலு நாள் வேறொரு இல்லம் அவனைப் பார்த்துக்கொண்டது,
நாலு நாள் இவர் இங்கே இருந்தார்.
நாலு நாளும் மழை.

இன்று கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கமில்லை.
ஜன்னலோர நாற்காலியில்தான் போர்வை கிடந்தது,
அதில் ஆள் உட்கார்ந்த பள்ளம்.
வருகையேட்டில் ஒரே வரி:
'கெட்டில் நன்றாகக் கொதிக்கிறது.'

அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
திடீரென்று அலறியது.
தீ எச்சரிக்கை என்று நினைத்து
ஈரக் கையோடு வெளியே ஓடினேன்,
கடற்காக்கைகள் என்னைப் பார்த்தன.
திரும்பி வந்து தேடினால்
நாற்காலிக்குப் பின்னே ஒரு அலாரக் கடிகாரம்,
முள் வைத்த பழைய வகை.
பகல் எது இரவு எது என்று தெரியாது அதற்கு.
மணி இரண்டு.

இரவு இரண்டுக்கு எழுந்து
மகனை இடப்பக்கம் திருப்ப வேண்டும் அவர்.
இங்கே திருப்ப யாருமில்லை.
ஆனாலும் வைத்திருக்கிறார்.
எழுந்து என்ன செய்திருப்பார்?
கடல் இருட்டில் தெரியாது.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரியும்,
அதைப் பார்த்துக்கொண்டு
ஒரு தேநீர் குடித்திருக்கலாம்.

போன் செய்தேன்.
"மிஸஸ் அவுத்வெய்ட், கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள்.
இன்று ராத்திரிக்கு வேண்டுமே,
க்ளிஃபர்ட் காரில் கொண்டுவந்து..."
அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் சீராக மூச்சு விட்டது.
"மறக்கவில்லை" என்றார்.
"அது அடிக்காமலேயே எனக்கு விழிப்பு வந்துவிடும்.
சும்மா துணைக்கு வைத்திருந்தேன்.
பதினேழு வருடம் என்னோடு எழுந்திருக்கிறது பாவம்.
ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு வரட்டும்."

சிரித்தாரா என்று தெரியவில்லை.
நான் சிரித்தேன், பிறகு போனை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தேன்.
அடுப்பு பாதியில் கிடந்தது.

மூன்று மணிக்கு ஒரு அப்பா, இரண்டு பையன்கள்,
பஸ்ஸில் வந்த களைப்பு, குப்பைப் பைகளில் துணிமணி.
சின்னவன் நேரே ஜன்னலுக்குப் போனான்.
"இந்தக் கடிகாரம் யாருடையது?"
"அதுவும் உங்களை மாதிரி வந்திருக்கிறது" என்றேன்.
"சாவி கொடுக்காதே."