கசிவுச் சோதனை

பாயான் லெப்பாஸில், மூன்றாம் வரிசையில்,
இருபத்திரண்டு வருஷம்
நுண்ணலை அடுப்புகளின் கதவோரம்
மீட்டரை நகர்த்திக்கொண்டிருந்தவள் நான்.
முள் துடித்தால் சிவப்பு ஸ்டிக்கர்.
துடிக்காவிட்டால் அடுத்த பெட்டி.
ஒரு ஷிப்டுக்கு நானூற்றுப் பத்துக் கதவு.
வெளியே வரக்கூடாது.
அலையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது
அவ்வளவுதான்.

இப்போது ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில்
குப்புறப் படுத்திருக்கிறேன்.
மெத்தையில் ஒரு துளை,
துளைக்குள் இடது முலை.
ரொட்டி சானாய் மாவை அழுத்துவதுபோல
இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தகடு.
பக்கத்துக்கு ஒரு ஆண்டெனா.

"புவான் ஜெக... ஜெகதா..."
"ஜெகா போதும்."
ஹூய் ஷான் சிரிக்கிறாள்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிறந்திருப்பாள்.
கட்டியின் நடுவில் நூல்கனத்தில் ஒரு வெப்பமானி.
திரையில் முப்பத்தேழு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மலாயில் கேட்டேன்:
தட்டு சுற்றாதா?
சுற்றாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று கிடக்கும்.
எத்தனை பெட்டி பார்த்திருக்கிறேன்.

அவள் காற்றில் விரலால் வரைந்தாள்.
இந்தப் பக்க அலை. அந்தப் பக்க அலை.
முகட்டின்மேல் முகடு விழுகிற இடம் கட்டிக்குள்.
அங்கேதான் சூடு.

புரிந்தது.
பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்கு வந்த நாட்களில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.
போகிற பெர்ரி கிளப்பிய அலையும்
வருகிற பெர்ரி கிளப்பிய அலையும்
நடுக்கடலில் சந்திக்கும்.
ஒரு நொடி தண்ணீர் எழுந்து நிற்கும்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் படுத்துக்கொள்ளும்.

கொழுப்பு மெல்லத்தான் சுடுமாம்.
தண்ணீர் மிகுந்தது முந்திக்கொள்ளும்.
கட்டிக்குத் தண்ணீர் அதிகம் என்றாள்.
பேராசைக்காரி,
குடித்துக் குடித்தே மாட்டிக்கொண்டாள்.

நாற்பது. தோலுக்கு விசிறிக் காற்று.
நாற்பத்தொன்று.
சின்னவளைப் பெற்றபோது பால் கட்டிக்கொண்ட வாரம்
இப்படித்தான் இருந்தது.
பக்கத்து வீட்டு நோர்ஹயாத்தி
முட்டைக்கோஸ் இலை கொண்டுவந்து வைத்தாள்.
நாற்பத்து மூன்று.
"சாக்கிட்?"
சாக்கிட் இல்லை, வேறு ஏதோ.
யாரோ உள்ளிருந்து ஊதுவதுபோல.

இந்தப் பெட்டிக்கு என் தோல்தான் கதவு.
மீட்டர் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம்.
கசியட்டும், உள்ளே.

அறுவை பதினேழாம் தேதி.
அதற்குள் எவ்வளவு சுருங்கும் என்று டாக்டரைக் கேட்டேன்.
பார்ப்போம் என்று கோப்பை மூடினார்.

வீட்டில் தனபாலன்
நேற்றைய மீ கோரெங்கைச் சூடு பண்ணுகிறார்.
பழக்கதோஷம், ஒரு முழம் தள்ளியே நிற்கிறேன்.
மணி அடித்தது.
"சூடு போதுமா பாரு."

நடுவில் விரல் வைத்தேன்.
"உள்ள இன்னும் சில்லுன்னு இருக்கு.
இன்னொரு நிமிஷம் வைங்க."

கண்ணாடிக்குப் பின்னால் தட்டு சுற்றத் தொடங்கியது.
இரண்டு பேரும்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.